பாதிரியாரும் ஆமையும் காணாமல் போகும் குருவிகளும்

வசந்த காலம் என்று நாம் சொல்வதற்கும் இங்கிலாந்துக்காரர்கள் சொல்வதற்கும் நிறைய வித்தியாசம் உண்டு. நமக்குப் பங்குனியில் வேம்பு பூக்கும், புங்கை தளிர்க்கும், குயில் கத்தும். "அட, நல்லாருக்கே" என்று நிமிர்ந்து பார்ப்பதற்குள் அக்னி நட்சத்திரம் வந்து மண்டையில் உட்கார்ந்துவிடும். அவங்களுக்கு அப்படியில்லை. நவம்பரில் ஆரம்பிக்கிற இருட்டும் ஈரமும் மார்ச் வரை விடாது. சாயங்காலம் நாலு மணிக்கே விளக்கைப் போட்டுக்கொண்டு நாலஞ்சு மாசம் வீட்டுக்குள் முடங்கிக் கிடந்தவர்களுக்குத் தோட்டத்தில் முதல் பூ தலைகாட்டுகிற நாள் தீபாவளி மாதிரி. முதல் பூ என்றைக்கு, முதல் குயில் என்றைக்கு, முதல் பட்டாம்பூச்சி என்றைக்கு என்று தேதி போட்டு எழுதி வைக்கிற பழக்கம் அந்த நாட்டில் வளர்ந்தது அதனால்தான்.

அந்தப் பழக்கத்தில் பெரிய தலை ஒருவர் இருந்தார். பெயர் கில்பர்ட் ஒயிட். கொஞ்ச நாளாக அவரைப் பற்றியேதான் படித்துக்கொண்டிருக்கிறேன். வீட்டில் யாரும் கேட்கத் தயாராக இல்லை என்பதால் உங்களிடம் சொல்கிறேன் :-)

ஒயிட் 1720இல் பிறந்தவர். ஊர் செல்போர்ன். லண்டனிலிருந்து தென்மேற்கே சுமார் 80 கிலோமீட்டர், ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஒரு சின்ன கிராமம். அவர் காலத்தில் அங்கே இருந்தவர்கள் 700 பேர்கூட இல்லை. ஊருக்குப் பின்னால் சுவர் மாதிரி எழும்பி நிற்கும் ஒரு குன்று, குன்று முழுக்க பீச் மரங்கள். தாத்தா அந்த ஊர்ப் பாதிரியார். இவரும் ஆக்ஸ்போர்டில் படித்துப் பாதிரியார் ஆனார், ஆனால் உதவிப் பாதிரியார் பதவிக்கு மேல் சொந்த ஊரில் போக முடியவில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. 'வேக்ஸ்' என்ற குடும்ப வீடு, அதன் பின்னால் ஒரு தோட்டம், ஒரு நோட்டுப் புத்தகம். கிட்டத்தட்ட வாழ்க்கை முழுக்க இந்த மூன்றும்தான்.

1768ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த வருஷம்தான் கேப்டன் குக் 'எண்டெவர்' கப்பலில் உலகத்தைச் சுற்றக் கிளம்பினார். கூடவே ஜோசப் பேங்க்ஸ் என்ற இளம் தாவரவியலாளர், புதுப்புது செடிகளை மூட்டை கட்டிக்கொண்டு வருவதற்காக. அதே 1768இல் நம்ம பாதிரியார் செய்தது என்ன தெரியுமா? தோட்டத்தில் நடப்பதைத் தினமும் குறித்து வைக்க ஒரு புது நோட்டு போட்டார். அவ்வளவுதான். அந்த நோட்டை 25 வருஷம் விடாமல் எழுதினார்.

நோட்டில் என்ன இருந்தது?

அதற்கு முன்பே, 1751இல், தோட்டக் கணக்கு ஒன்று தொடங்கியிருந்தார். இன்றைக்கு எந்த விதை போட்டேன், பாத்திக்கு எத்தனை வண்டி எரு வந்து இறங்கியது, வெள்ளரி எப்போது காய்த்தது, இப்படி. முலாம்பழத்தின் மேல் அவருக்கு ஒரு பைத்தியம். அந்தக் குளிரில் முலாம்பழம் வருமா? வராது. அதனால் குதிரை லத்தியை வண்டி வண்டியாகக் கொட்டிப் பாத்தி போட்டு, அது மக்கும்போது கிளம்புகிற சூட்டில் செடியை வளர்த்தார். மேலே கண்ணாடி மூடி. ராத்திரி பனி விழுந்தால் பாய் போட்டுப் போர்த்துவது. குழந்தையை வளர்க்கிற மாதிரி வளர்த்திருக்கிறார் மனுஷன்.

1768இல் தொடங்கிய நோட்டு இன்னும் ஒழுங்கானது. டெய்ன்ஸ் பாரிங்டன் என்ற வக்கீல் நண்பர் கட்டம் போட்டு அச்சடித்த தாள்களைக் கொடுத்தார். வெப்பம், காற்றழுத்தம், காற்றின் திசை, மழை, எந்த மரம் தளிர்த்தது, எந்தப் பறவை முதலில் வந்தது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கட்டம்.

எங்க அப்பாவுக்கும் இப்படி ஒரு பழக்கம் இருந்தது. தினசரி காலண்டர் தாளைக் கிழித்துப் போடமாட்டார். அதன் பின்பக்கத்தில் மாடு கன்று போட்டது, கிணற்றில் தண்ணீர் எத்தனை படி இறங்கியது, முதல் மழை என்று எழுதி ஒரு கம்பியில் குத்தி வைப்பார். இதெல்லாம் எதுக்கு என்று வீட்டில் எல்லோரும் கேட்போம். "எதுக்கோ" என்பார். ஒயிட்டைப் படிக்கும்போது அந்தக் கம்பிதான் நினைவுக்கு வந்தது.

எழுதுகிறவனுக்குப் பார்க்கிற கண்ணே வேறு மாதிரி ஆகிவிடுகிறது. செல்போர்ன் மரங்களில் வசந்தத்தில் பச்சையும் மஞ்சளுமாக ஒரு கதிர்க்குருவி வரும். எல்லோருக்கும் அது ஒரே குருவி. ஒயிட் கண்ணை நம்பாமல் காதை நம்பினார். மூன்று விதமான பாட்டு கேட்கிறதே, அப்படியானால் மூன்று குருவி இருக்க வேண்டும் என்று விடாமல் பின்தொடர்ந்து, 1768 ஆகஸ்டில் அவை மூன்று தனித்தனி இனம் என்று எழுதினார். இன்றைக்கும் அது சரி.

மண்புழுவும் அப்படித்தான். தோட்டக்காரர்கள் அதைச் செடிக்குக் கேடு என்று வெறுத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒயிட் 1777இல் எழுதிய ஒரு கடிதத்தில், மண்புழு இல்லாவிட்டால் மண் இறுகிப்போய்ச் சாரமில்லாமல் ஆகிவிடும், அதைப் பற்றி யாராவது முழுசாக ஆராய வேண்டும் என்றார். நூறு வருஷத்துக்கு அப்புறம், 1881இல், மண்புழுவைப் பற்றி ஒரு தனிப் புத்தகமே போட்டவர் சார்லஸ் டார்வின்.

பூனை வளர்த்த முயல்

தோட்டத்துக்கு வருகிற காட்டு உயிர்களும் வீட்டில் வளர்கிற பிராணிகளும் அவருக்கு ஒரே புத்தகத்தின் இரண்டு பக்கங்கள் மாதிரி. அவர் எழுதியதில் எனக்கு ரொம்பப் பிடித்த சம்பவம் ஒரு நண்பர் வீட்டில் நடந்தது. அங்கே ஒரு காட்டு முயல் குட்டியைக் கொண்டுவந்து ஸ்பூனில் பால் ஊட்டி வளர்த்தார்கள். அதே சமயத்தில் வீட்டுப் பூனை குட்டி போட்டது. அந்தக் காலத்து வழக்கப்படி குட்டிகளைக் கொன்று புதைத்துவிட்டார்கள். கொஞ்ச நாளில் முயல் குட்டியையும் காணோம். நாயோ பூனையோ தின்றிருக்கும் என்று விட்டுவிட்டார்கள். இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் அந்த நண்பர் தோட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார். பூனை வாலை நிமிர்த்திக்கொண்டு, குட்டிகளைக் கூப்பிடுகிற குரலில் கத்திக்கொண்டு வருகிறது. பின்னால் துள்ளிக்கொண்டு வருவது யார்? அந்த முயல் குட்டி! பூனை தன் பாலைக் கொடுத்தே அதை வளர்த்திருக்கிறது.

இதைச் சொல்லி ஆச்சரியப்படுவதோடு ஒயிட் நிறுத்தவில்லை. கொன்று தின்னும் பிராணி, தான் தின்னக்கூடிய ஒன்றுக்கே ஏன் பால் கொடுத்தது என்று கேட்கிறார். குட்டிகளை இழந்த துக்கம், மடியில் கட்டிக்கொண்ட பால், அந்த வலி தீர்ந்ததில் கிடைத்த நிம்மதி என்று காரணத்தைத் தேடிப் போகிறார். 18ஆம் நூற்றாண்டில் ஒரு பூனையின் துக்கத்தைப் பற்றி இவ்வளவு தூரம் யோசித்தவர்கள் அதிகம் இருந்திருக்க மாட்டார்கள்.

குளிர்காலத்தில் குருவிகள் எங்கே?

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருவோம். ஒயிட்டை வாழ்நாள் முழுக்கத் தூங்கவிடாமல் செய்த ஒரு கேள்வி உண்டு. தகைவிலான் குருவிகள் ஏப்ரல் மாதம் திடீரென்று வானத்தில் தோன்றும். வசந்தம் வந்ததற்கு அதுதான் அடையாளம். கோடை முழுக்கப் பூச்சி பிடித்துத் தின்று, குஞ்சு பொரித்து, அக்டோபரில் காணாமல் போகும். அவற்றைப் போலவே பறக்கிற உழவாரன் இன்னும் மோசம், மே மாதம் வந்து ஆகஸ்டிலேயே கிளம்பிவிடும். மீதி மாசமெல்லாம் எங்கே இருக்கின்றன?

இன்றைக்குப் பள்ளிக்கூடப் பிள்ளையே பதில் சொல்லும். அன்றைக்கு இது பெரிய சண்டை. குளிர்காலத்தில் இவை பொந்துகளில் ஒளிந்து கிடக்கும் என்று அரிஸ்டாட்டில் காலத்திலிருந்தே சொல்லிவந்தார்கள். ஏரிகளின் அடியில் கொத்துக்கொத்தாகத் தூங்கும், பனிக்கட்டிக்குக் கீழே வலை போட்டால் மீனோடு குருவியும் வரும் என்று 16ஆம் நூற்றாண்டில் ஒரு ஸ்வீடன் பாதிரியார் படம் போட்டே காட்டினார். உயிரினங்களுக்கெல்லாம் பெயர் வைத்த லின்னேயஸ்கூட குருவி தண்ணீருக்குள் தூங்குகிறது என்று நம்பினார். சும்மா ஆள் இல்லை!

ஒயிட்டின் நிலைமை இன்னும் சிக்கல். அவர் தொடர்ந்து கடிதம் எழுதிய நண்பர்கள் இரண்டு பேர். ஒருவர் தாமஸ் பென்னன்ட், குருவிகள் வேறு நாட்டுக்குப் போகின்றன என்ற கட்சி. இன்னொருவர் நாம் ஏற்கெனவே பார்த்த பாரிங்டன், அவர் எதிர்க்கட்சி. போதாததற்கு ஒயிட்டின் தம்பி ஜான், ஜிப்ரால்டரில் ராணுவப் பாதிரியார். அங்கே ஜலசந்தியைத் தாண்டிப் பறவைக் கூட்டங்கள் ஆப்பிரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போய்வருவதை அவர் நேரில் பார்த்து அண்ணனுக்கு எழுதினார்.

இவ்வளவு தெரிந்தும் ஒயிட்டால் முழுசாக நம்ப முடியவில்லை. காரணம் அவருடைய நோட்டுதான். எல்லாக் குருவிகளும் போய் இரண்டு மூன்று வாரம் ஆன பிறகு, நவம்பரில் ஒரு நாள் இதமான வெயில் அடித்தால், நாலைந்து குருவிகள் எங்கிருந்தோ வந்து பறக்கும். மறுநாள் இருக்காது. ஆப்பிரிக்காவுக்குப் போனது வெயில் அடித்ததும் திரும்பி வருமா? கடைசியாகப் பொரித்த குஞ்சுகளுக்கு அவ்வளவு தூரம் பறக்கத் தெம்பு உண்டா? பெரும்பாலானவை போகலாம், சில இங்கேயே எங்காவது பதுங்கியிருக்க வேண்டும் என்பது அவர் கணக்கு.

ஆமை வந்த கதை

அந்தக் கணக்குக்கு வலு சேர்ப்பது மாதிரி ஒரு ஜீவன் வீட்டுக்கே வந்து சேர்ந்தது. சசெக்ஸ் மாவட்டம் ரிங்மரில் அவருடைய அத்தை இருந்தார். அத்தை வீட்டுத் தோட்டத்தில் ஒரு தரை ஆமை. பெயர் திமோதி. சுமார் 40 வருஷமாக அங்கே இருந்தது. வேறு யார் வந்தாலும் கண்டுகொள்ளாத அந்த ஆமை, தனக்குச் சோறு போடுகிற கிழவி வந்தால் மட்டும் தட்டுத்தடுமாறி அவரை நோக்கி நடந்து வரும் என்று ஒயிட் எழுதியிருக்கிறார்.

1780இல் அத்தை காலமானார். ஒயிட் போய், மண்ணுக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆமையைத் தோண்டி எடுத்தார். அது கோபத்தில் 'உஸ்ஸ்' என்று சீறியதாம். மண் நிரப்பிய ஒரு பெட்டியில் வைத்து, குதிரை வண்டியில் 80 மைல் கொண்டுவந்தார். வண்டி குலுங்கிய குலுக்கலில் தூக்கம் கலைந்துபோய், தோட்டத்தில் இறக்கி விட்டதும் இரண்டு முறை கடைசி வரைக்கும் நடந்து பார்த்தது. சாயங்காலம் குளிர் ஏறியதும் மறுபடியும் மண்ணைத் தோண்டி உள்ளே போய்விட்டது.

அதற்கப்புறம் திமோதி பட்ட பாட்டைக் கேளுங்கள். தூக்கித் தராசில் வைத்து எடை பார்ப்பது, ஏறக்குறைய மூன்று கிலோ. காது கேட்கிறதா என்று ஒலிபெருக்கும் குழாயை வைத்துக் கத்திப் பார்ப்பது. அது அசையவே இல்லை. நீந்துமா என்று தொட்டித் தண்ணீரில் போடுவது. அது மெல்ல அடியில் இறங்கி, தரையில் நடப்பது போலவே தொட்டியின் அடியில் நடந்தது. இவ்வளவு கனமான ஓட்டை முதுகில் வைத்துக்கொண்டு மழைக்குப் பயந்து ஓடுவதும், வெயில் காய்வதற்குச் சுவரோரம் ஓட்டைச் சாய்த்து நிற்பதும் நோட்டில் ஏறின. 1784இல் ஒரு நாள் வேலிக் கதவு வழியாக ஓடிப்போய் ஒரு வாரம் காணாமல் போனது. காதல்தான் காரணம், துணை தேடிப் போயிருக்கிறான் என்று ஒயிட் நினைத்தார். அந்த வருஷமே ஆமை எழுதுகிற மாதிரி ஒரு நண்பரின் வீட்டுப் பெண்ணுக்கு வேடிக்கையாக ஒரு கடிதமும் எழுதினார். பிற்காலத்தில் ஓட்டை ஆராய்ந்து பார்த்தபோது தெரிந்தது, திமோதி பெண் ஆமை!

ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. நவம்பரில் மண்ணுக்குள் போகும் திமோதி, ஏப்ரல் நடுவில் எழுந்து வரும். ஒரு வசந்தத்தில் ஒயிட் கடிதம் எழுதிக்கொண்டிருக்கும்போதே வெளியே சூடும் ஈரமும் சேர்ந்து நத்தைகள் கூட்டமாக வெளிவந்தன, அதே நேரத்தில் ஆமையும் மண்ணை முட்டிக்கொண்டு தலையை நீட்டியது. வீட்டை முதுகில் சுமக்கிற இரண்டு ஜீவன்களுக்கும் ஒரே நேரத்தில் ஒரே உணர்ச்சி என்று அவர் குதூகலிக்கிறார். தகைவிலான் வருவதும் அதே ஏப்ரல் நடுவில்தான். ஆமை, நத்தை, வௌவால் எல்லாம் தூங்கி எழுவதை வருஷா வருஷம் தன் தோட்டத்திலேயே பார்க்கிறவருக்கு, குருவி மட்டும் ஏன் அப்படி இருக்கக்கூடாது என்ற சந்தேகம் வருவது நியாயம்தானே?

குன்றில் நடந்த தேடல்

சந்தேகம் வந்தால் தேடிப் பார்க்கணும். 1781 ஏப்ரலில் ஒயிட் சில ஆட்களைக் கூட்டிக்கொண்டு குன்றுக்குப் போனார். முந்தின இலையுதிர் காலத்தில் கடைசிக் குருவிகள் திரிந்த சரிவில், புதர்களையும் வேர்ப் பொந்துகளையும் துழாவச் சொன்னார். அவர் தேடியது தகைவிலானின் உறவுக்காரன், வீட்டு இறவாணத்தில் மண்ணால் கூடு கட்டுகிற ஒரு சின்னக் குருவி. ஒன்றும் சிக்கவில்லை. ஆனால் ஆட்கள் துழாவிக்கொண்டிருந்த அதே நேரத்தில், அந்த வருஷத்தின் முதல் குருவி ஊருக்குள் பறந்து வந்து, பலர் பார்க்க ஒரு பழைய கூட்டுக்குள் நுழைந்து, கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வீடுகளுக்கு மேலே பறந்து போய்விட்டது. அதற்கப்புறம் சில நாள் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை.

தூரத்திலிருந்து வந்த பறவையா, பக்கத்துப் பொந்திலிருந்து எழுந்ததா? ஒயிட் அதை இரண்டு பக்கத்துக்கும் சாட்சியாக வளைக்காமல், நடந்ததை நடந்தபடி எழுதி வைத்தார். தன் கட்சிக்குத் தோதாக இல்லாத தகவலையும் மறைக்கவில்லை. இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு அவரைப் பிடிக்கும்.

பென்னன்டுக்கும் பாரிங்டனுக்கும் எழுதிய கடிதங்களைத் தொகுத்து 'செல்போர்னின் இயற்கை வரலாறும் பழமைகளும்' என்ற புத்தகம் 1789ஆம் ஆண்டு போட்டு வெளிவந்தது. இன்றுவரை அது அச்சில் இருக்கிறது. புத்தகத்தைப் படித்துவிட்டு நார்ஃபோக் மாவட்டத்திலிருந்து ராபர்ட் மார்ஷம் என்ற நிலக்கிழார் கடிதம் போட்டார். அவரும் நம்ம ஆளு மாதிரிதான். 1736லிருந்து வசந்தத்தின் 27 அறிகுறிகளைக் குறித்து வந்தவர். முதல் பூ, ஓக் மரத்தின் முதல் தளிர், முதல் தகைவிலான், தவளைச் சத்தம். இரண்டு கிழவர்களும் கடைசி வரை ஒருவருக்கொருவர் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

ஒயிட் 1793 ஜூன் 26 அன்று இறந்தார். அந்த ஜூன் மாதமும் நோட்டில் எழுதியிருக்கிறார். குருவிகள் எங்கே போகின்றன என்பது தெரியாமலேயே போய்ச் சேர்ந்தார். அடுத்த வருஷம் திமோதியும் போய்விட்டது. அதன் ஓடு இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பதில் வந்த விதம்

1822இல் ஜெர்மனியில் ஒரு நாரை சுடப்பட்டது. அதன் கழுத்தில் ஆப்பிரிக்க ஈட்டி ஒன்று குத்தியபடியே இருந்தது. ஈட்டியோடு பறந்து வந்திருக்கிறது பாவம். தகைவிலானுக்கான சாட்சி இன்னும் 90 வருஷம் கழித்துத்தான் வந்தது. 1911 மே மாதம் ஸ்டாஃபர்ட்ஷயரில் ஒரு வக்கீல், தன் வீட்டில் கூடு கட்டிய தகைவிலான் காலில் ஒரு சின்ன வளையம் மாட்டினார். 1912 டிசம்பரில் அதே வளையம் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் ஒரு பண்ணையில் கிடைத்தது. ஒன்பதாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம்!

ஒயிட் கேட்டது முட்டாள்தனமான கேள்வியா என்றால், அதுவும் இல்லை. 1946இல் கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஒரு பாறை இடுக்கில் குளிர்காலத் தூக்கத்தில் கிடந்த பக்கிக்குருவி ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். பறவையும் ஆமை மாதிரித் தூங்க முடியும். ஒயிட் தேடியது வேறு பறவையில், வேறு கண்டத்தில் இருந்தது.

அந்த நோட்டுகளின் கதையும் அவரோடு முடியவில்லை. மார்ஷம் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அந்த வசந்தக் கணக்கை 1958 வரை எழுதியது. பருவநிலை மாறுகிறதா என்ற கேள்வி வந்தபோது விஞ்ஞானிகள் தேடிப் போன பழைய ஆதாரங்களில் அதுவும் ஒன்று. வெப்பம் கூடிய வருஷங்களில் மரங்கள் முன்கூட்டியே தளிர்ப்பதை அந்தத் தேதிகள் காட்டின. பூப்பதைப் பார்த்துச் சந்தோஷப்பட எழுதியது, இருநூறு வருஷம் கழித்துச் சாட்சிக் கூண்டில் ஏறி நிற்கிறது.

ஒயிட் காலத்தில் செல்போர்னில் வருஷா வருஷம் எண்ணினால் எட்டு ஜோடி உழவாரன்கள்தான் இருந்தன. குஞ்சு பொரித்தும் ஏன் எண்ணிக்கை கூடவில்லை, மற்றவை எங்கே போகின்றன என்று அவர் கேட்டார். இப்போது கேள்வி தலைகீழாகிவிட்டது. 1995க்குப் பிறகு பிரிட்டன் முழுக்க உழவாரன்களின் எண்ணிக்கை பாதிக்கும் மேல் குறைந்திருக்கிறது. அவர் குன்றில் தேடிய அந்த மண்கூட்டுக் குருவியும் உழவாரனும் 2021இல் அந்த நாட்டின் ஆபத்துப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. குறைந்திருக்கிறது என்று சொல்லவே, முன்பு எவ்வளவு இருந்தது என்று யாராவது எண்ணி எழுதியிருக்க வேண்டும் இல்லையா?

தகைவிலான் நம்ம ஊருக்கும் வரும். அங்கே இருப்பவை ஆப்பிரிக்காவுக்குப் போகிற மாதிரி, வடக்கே குஞ்சு பொரித்தவை குளிருக்கு இங்கே இறங்கி வந்து, ஏரிக்கரை மின்கம்பிகளில் வரிசையாக உட்கார்ந்திருக்கும். அவங்களுக்கு வசந்தம் வரும்போது நம்மைவிட்டுக் கிளம்பிவிடும். அவங்க முதல் குருவியின் தேதியை எழுதுகிறார்கள், நாம கடைசிக் குருவியின் தேதியை எழுதலாம். கம்பி காலியாகிற நாளை இந்தப் பங்குனியில் நான் காலண்டர் தாளின் பின்னால் குறித்து வைக்கப் போகிறேன். உங்க ஊரில் என்றைக்கு என்று நீங்களும் பார்த்து வையுங்கள். எதுக்கு என்று கேட்காதீர்கள். எதுக்கோ.